பவளத் தொட்டியில் வேவ்மேக்கர் பொருத்துவது எப்படி

பவளம் இருந்த இடத்தை விட்டு நகராது. ஆக்சிஜனையும் உணவையும் அதனிடம் கொண்டுவருவதும், அது விடும் சளியையும் கழிவையும் அகற்றுவதும் நீரோட்டம்தான். சம்பிலிருந்து (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) நீரைத் திருப்பி அனுப்பும் பம்ப் மட்டும் இந்த வேலைக்குப் போதாது. அதற்காகத் தொட்டிக்குள் வைக்கும் ஓட்டப் பம்ப்தான் வேவ்மேக்கர்; கண்ணாடிக்கு உள்ளும் வெளியும் உள்ள காந்தங்கள் அதைப் பிடித்து நிறுத்தும்.

முதலில் அளவு. ஒரு மணி நேரத்தில் எல்லா பம்புகளும் சேர்ந்து தள்ளும் நீரைத் தொட்டியின் கொள்ளளவால் வகுத்துப் பாருங்கள். மென்பவளங்களுக்கு 10 முதல் 20 மடங்கு, பெரிய பாலிப் (பவளத்தின் வாயும் இழைகளும் உள்ள உடல்) கொண்ட கல்பவளங்களுக்கு 20 முதல் 30, அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் வகைகளுக்கு 40க்கு மேல் என்று தொடங்கலாம். 200 லிட்டர் கலப்புத் தொட்டிக்கு 6,000 லிட்டர் பம்ப் ஒன்றைவிட 3,000 லிட்டர் பம்ப் இரண்டு நல்லது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓடும். எதிரெதிரே வரும் ஓட்டங்கள் மோதிச் சிதறுவதும் பவளத்துக்குத் தேவை. ஒரே திசையில் ஓயாமல் அடிக்கும் நீர் ஒரு பக்கத்தைத் தேய்த்துவிட்டு, மறுபக்கத்தில் கசடு தங்க வழிசெய்கிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற டிசி பம்பையே வாங்குங்கள்.

வாங்கும் முன் கண்ணாடியின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். காந்தம் எத்தனை மில்லிமீட்டர் வரை பிடிக்கும் என்பது பெட்டியில் இருக்கும். பொருத்தும்போது உள்பாகத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளிக்காந்தத்தைக் கண்ணாடியின் ஓரத்திலிருந்து வழுக்கி நகர்த்திக் கொண்டுவாருங்கள். நேராக எதிரே கொண்டுபோனால் காந்தங்கள் சட்டென்று ஒட்டி விரலை நசுக்கும், கண்ணாடியையும் உடைக்கும். இடையில் மணல்துகள் சிக்கினால் கண்ணாடியில் கீறல் விழும்.

எதிரெதிர்ப் பக்கச் சுவர்களில், நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே, சற்றே மேல்நோக்கியபடி வையுங்கள். மேற்பரப்பு நடுங்க வேண்டும், வாயுப் பரிமாற்றம் அங்கேதான் நடக்கிறது. அதற்காக மிக மேலே வைத்தால் பம்ப் காற்றை உறிஞ்சித் தொட்டி முழுக்கக் குமிழாகிவிடும். பம்பின் முகம் எந்தப் பவளத்தையும் நேராகப் பார்க்கக் கூடாது. டார்ச், ஹேமர் போன்ற கல்பவளங்களின் தசை எலும்புக்கூட்டிலிருந்து உரிந்துபோவதற்கு இது முக்கியக் காரணம். முன்கண்ணாடியிலோ பாறைகளுக்கு மேலுள்ள வெற்றிடத்திலோ ஓட்டம் மோதித் திரும்பட்டும்.

மின்வயர் பிளக்குக்கு வரும் முன் கீழே தொங்கி மேலேற வேண்டும், அப்போதுதான் வழியும் உப்புநீர் பிளக்குக்குள் இறங்காது. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லாத இணைப்பில் இதை ஓட்டவே கூடாது. கடல் அனிமோன் இருந்தால் பம்பின் உறிஞ்சும் வாயைப் பஞ்சு உறையால் மூடுங்கள்; சுற்றித் திரியும் அனிமோன் அதில் சிக்கிச் சிதைந்தால் தொட்டி நீர் முழுவதும் கெட்டுப்போகும்.

முதல் வாரம் 30 விழுக்காட்டு வேகத்தில் ஓட்டுங்கள். பிறகு சில நாளுக்கொருமுறை 10 விழுக்காடு கூட்டலாம். பாலிப்புகள் மெல்ல அசைந்தால் சரி. ஒரே பக்கம் சாய்ந்தோ சுருங்கியோ கிடந்தால் வேகம் அதிகம். மணலில் பள்ளம் விழுந்தால் பம்பை இன்னும் மேல்நோக்கித் திருப்புங்கள். எங்காவது செந்நிறப் படலம் படர்ந்தால் அங்கே ஓட்டம் எட்டவில்லை என்று சந்தேகிக்கலாம். நீரில் சத்து மிகுந்தாலும் அது வரும் என்பதால் நைட்ரேட், பாஸ்பேட் அளவையும் பாருங்கள். பகலில் ரேண்டம் முறை (வேகம் ஒழுங்கின்றி மாறிக்கொண்டே இருப்பது), இரவில் பாதி வேகம், உணவிடும்போது 10 நிமிட நிறுத்தம் போதும்.

பம்ப் விட்டுவிட்டுத் தள்ளும் பல்ஸ் முறையில் ஒரு கவனம் தேவை. துடிப்பு தொட்டியின் இயல்பான அலைநேரத்தோடு ஒத்துவிட்டால் நீர் முழுவதும் ஊஞ்சலாடத் தொடங்கும். 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. நீராழம் உள்ள தொட்டியில் அந்த நேரம் ஏறக்குறைய 1.3 வினாடி. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் விளிம்பில் நீர் வழியும், சிலிக்கான் இணைப்புகளுக்குச் சுமை கூடும். அலை 2 செ.மீ.க்கு மேல் எழுந்தால் துடிப்பின் நேரத்தை மாற்றிவிடுங்கள்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, வெள்ளை வினிகரும் நீரும் சமமாகக் கலந்த வாளியில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். படிந்த சுண்ணாம்பு இளகியதும் நீரைத் தள்ளும் விசிறியான இம்பெல்லரையும் அதன் தண்டையும் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்னீரில் அலசிப் பொருத்துங்கள். பம்பில் சத்தம் கேட்டால் பெரும்பாலும் இந்தச் சுண்ணாம்புதான் காரணம். சுத்தம் செய்தபின் ஓட்டம் திடீரென வலுக்கும், ஆகவே வேகத்தைக் குறைத்துத் தொடங்கி மறுபடி கூட்டுங்கள்.