நிதிப் படிப்புக்கு இரண்டு பல்கலையில் இடம் கிடைத்தால் எதில் சேருவது? படிப்படியாக ஒரு வழி

போன வருஷம் ஜூன் மாதம் அக்கா மகள் இரண்டு சேர்க்கைக் கடிதங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒன்று சென்னையில் ஓர் அரசுப் பல்கலை, எம்.காம். நிதி. இன்னொன்று பெங்களூரில் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலை, எம்.பி.ஏ. நிதி. அவள் அப்பாவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. "பேரு பெருசா இருக்கிறதுல சேத்துடலாம், லோன் போட்டுக்கலாம்" என்றார். அவளோ, "சித்தி, நீங்க சொல்லுங்க" என்று என் முகத்தைப் பார்த்தாள். பதினைந்து வருஷமாக ஐந்து ரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். சரி, இதையும் கணக்காகவே பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

படி 1: பட்டத்தின் பெயர்

இதில் அதிக நேரம் போக்க வேண்டாம். ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியர் வேலை, கூடவே சி.ஏ. என்று எண்ணமிருந்தால் எம்.காம். கம்பெனி வேலைதான் குறி என்றால் எம்.பி.ஏ. இன்னும் முடிவாகவில்லை என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள்

இரண்டு பல்கலைகளின் பாடத்திட்டங்களையும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். புதியதா பழையதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. வாராக்கடன் பாடத்தில் 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் இருக்கிறதா? வரிப் பாடத்தில் 2017-இல் வந்த ஜி.எஸ்.டி. இருக்கிறதா? நம் பங்குச் சந்தையில் வாங்கி விற்றால் மறு வேலைநாளே கணக்கு முடியும் முறை 2023 ஜனவரியில் முழுதாக அமலானது. இன்னும் இரண்டு நாள் என்றே சொல்லிக்கொடுக்கும் இடத்தில் பாடத்தை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். அப்புறம், எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் அலசுவது), டெரிவேட்டிவ்ஸ் (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் போன்ற ஒப்பந்தங்கள்) இரண்டும் கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா என்று பாருங்கள். விருப்பப் பாடம் என்றால், போன வருஷம் அதை உண்மையில் நடத்தினார்களா என்று துறைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

படி 3: சம்பளத்தில் சராசரியை நம்பாதீர்கள்

ஐந்து பேருக்கு வேலை கிடைத்தது என்று வையுங்கள். ஆண்டுச் சம்பளம் 4, 4, 5, 5, 22 லட்சம். சராசரி 8 லட்சம் என்று விளம்பரத்தில் போடலாம், பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஐந்து பேரில் நான்கு பேர் 5 லட்சத்தைத் தாண்டவில்லை. நடுவில் நிற்பவரின் சம்பளம், அதாவது மீடியன், 5 லட்சம். உங்கள் பிள்ளை அந்த நடு ஆளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்த மீடியன் எங்கே கிடைக்கும்? மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். கல்வி நிறுவனத் தரவரிசைக்கு ஒவ்வொரு நிறுவனமும் கொடுக்கும் தகவலில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் எவ்வளவு என்று இருக்கும். நிறுவனத்தின் இணையதளத்திலேயே அந்தக் கோப்பு கிடைக்கும். அது எல்லா இரண்டாண்டு முதுகலைப் படிப்புகளுக்கும் சேர்த்த கணக்கு. அதனால் நிதிக்கு மட்டும் தனியாக எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

படி 4: கடனைப் பேப்பரில் போடுங்கள்

பெங்களூர் படிப்புக்கு 12 லட்சம் கடன். செமஸ்டருக்கு 3 லட்சமாக நான்கு தவணையில் வங்கி கொடுக்கும், வட்டி 10 சதவீதம். படிக்கும் இரண்டு வருஷமும் அதற்குப் பின் ஒரு வருஷமும் மாரட்டோரியம், அதாவது இ.எம்.ஐ. கட்டத் தேவையில்லாத காலம். கட்ட வேண்டாமே என்று மாமா நிம்மதியானார். வட்டி அப்போதும் ஓடும். முதல் தவணைக்கு மூன்று வருஷ வட்டி 90,000. அடுத்தடுத்தவற்றுக்கு 75,000, 60,000, 45,000. மொத்தம் 2.7 லட்சம். கட்டத் தொடங்கும் நாளில் கடன் 14.7 லட்சம். பத்து வருஷத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 19,400 ரூபாய்.

5 லட்சம் சம்பளத்தில் மாதம் 41,000 சொச்சம் வரும். பிடித்தம் போக 38,000 என்று வைத்தால், இ.எம்.ஐ. கட்டிய பிறகு மிஞ்சுவது 18,600. பெங்களூரில் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் அதற்குள். மாமா அந்தப் பேப்பரை வாங்கி, எடைக்கல் வைத்துப் பார்ப்பவர்போல் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

கடன் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மத்திய அரசின் பி.எம். வித்யாலக்ஷ்மி கல்விக் கடன் திட்டப் பட்டியலில் உள்ள நிறுவனம் என்றால் ஜாமீன் இல்லாமல் கடன் கிடைக்கும். வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்களுக்குக் கல்விக் கடனுக்குக் கட்டிய வட்டிக்கு எட்டு ஆண்டுவரை கழிவு உண்டு. அசலுக்கு இல்லை.

படி 5: சாதாரண நாளில் போய்ப் பாருங்கள்

விழா நாளில் போகாதீர்கள். நாங்கள் இரண்டு செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு இடத்துக்கும் போனோம். ஓர் இடத்தில் சந்தைத் தகவல் பார்க்கும் புளூம்பெர்க் டெர்மினல் இருப்பதாகக் காட்டினார்கள். விசைப்பலகையின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. இன்னோர் இடத்தில் நூலகத்தில் இரண்டு மாணவிகள் புரோவெஸ் தரவுத்தளத்தில் கம்பெனிக் கணக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு டீ குடித்த அரை மணி நேரத்தில் தெரிந்துகொண்டது எந்தக் கையேட்டிலும் இல்லை. வகுப்பில் கடைசி மார்க்கில் பாஸான மாணவருக்கு எங்கே வேலை கிடைத்தது என்று நீங்களும் கேளுங்கள்.

படி 6: பணம் கட்டும்போது

ரசீது வாங்குங்கள். விலகினால் கட்டணம் எவ்வளவு திரும்பும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வெளியிடும் விதியைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி. வைத்துக்கொள்கிறோம் என்றால் விடாதீர்கள். அவள் சென்னையில் சேர்ந்தாள். அசல் எல்லாம் மாமாவின் பட்டறைப் பெட்டியில், வெள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறது.