வேக்போர்டிங்: கடற்கரைக்கு எந்த மாதம் கிளம்பலாம்?

தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வேக்போர்டிங் (படகு இழுக்க, பலகையில் நின்று நீரில் சறுக்கும் விளையாட்டு) செய்யக் கிளம்புபவர்கள் ஒகேனக்கல் வெள்ளத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். ஆடியில் பரிசலை நிறுத்த வைக்கும் வெள்ளம், மேற்கே பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் வருவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கோவா, கோகர்ணா பக்கம்தான் கடல் கொந்தளிக்கும். நம் கிழக்குக் கரைக்கு ஆகாத காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. புயல் சின்னம் உருவானால் கட்டிய முன்பணம் போனது போனதுதான்.

வேக்போர்டிங்கில் இரு கால்களையும் பலகையில் பூட்டித்தான் நிற்க வேண்டும். அலைச்சறுக்குக்கு அலை வேண்டும். இதற்கோ சலனமில்லாத நீர் வேண்டும். என் கணக்கில் பிப்ரவரி, மார்ச் உத்தமம். மே விடுமுறைதான் கிடைக்கும் என்றால், விடிந்ததுமே நீரில் இறங்கிவிடுங்கள். நிலம் சூடேறி, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்தால் நீர்ப்பரப்பு சிறுசிறு மடிப்புகளாகக் கலையும்; பலகை தடதடத்து முழங்காலை உலுக்கிவிடும். ஊத்தங்கரை, திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் முந்தின இரவே போய்த் தங்குவது நல்லது.

புதியவர்கள் உப்பங்கழியில் சொல்லித்தரும் இடமாக விசாரியுங்கள். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கிளம்பும் முன் வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள்.