கறையைப் பார்த்துப் பொருளை எடுங்கள்: நஞ்சில்லாமல் வீட்டைச் சுத்தம் செய்வது எப்படி?

சமையல் சோடாவைத் தூவி அதன் மேல் வினிகரை ஊற்றினால் நுரை பொங்கி வரும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அழுக்கு போகாது. வினிகர் அமிலம், சோடா காரம். சேர்ந்ததும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். கார்பன் டை ஆக்சைடு குமிழியாகப் போய்விட, சோடியம் அசிட்டேட் கரைந்த வெறும் தண்ணீர் மிஞ்சும். 5 சதவீத வினிகர் 100 மில்லியை அடியோடு வலுவிழக்கச் செய்ய 7 கிராம் சோடா, அதாவது சுமார் ஒன்றரைத் தேக்கரண்டி போதும். வீட்டுக் குறிப்புகளில் அடிக்கடி வரும் இந்தக் கலவையை முதலில் மறந்துவிடுங்கள். இரண்டுமே நல்ல பொருட்கள்தான், ஆனால் தனித்தனியாகப் பயன்படுத்தும்போதுதான்.

எதை எடுப்பது என்பதைக் கறைதான் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளைப் படிவுக்கும் துருவுக்கும் அமிலம் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்கும் அடிப்பிடித்த கரிக்கும் காரம். தூசி, கைத்தடம், தரை அழுக்குக்குச் சோப்பே போதும். பூஞ்சைக் கறைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு.

வாங்கி வைக்க வேண்டியவை

5 சதவீத வெள்ளை வினிகர், சிட்ரிக் அமிலத் தூள் (எலுமிச்சை உப்பு என்றாலும் இதுதான்), சமையல் சோடா, சலவைச் சோடா, வாசனை சேர்க்காத சோப்புத் திரவம், 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. பெராக்சைடு 6 சதவீதமாகக் கிடைத்தால் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றோடு நான்கைந்து மைக்ரோஃபைபர் துணிகள், ஒரு பழைய பல் துலக்கி, இரண்டு ஸ்பிரே பாட்டில்கள், ரப்பர் கையுறை. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

சமையல் சோடாவும் சலவைச் சோடாவும் ஒன்றல்ல. முதலாவது சோடியம் பைகார்பனேட். தண்ணீரில் கரைத்தால் அதன் pH அளவு (7-ஐத் தாண்டினால் காரம்) 8-ஐச் சற்றே தாண்டும், தோலை உறுத்தாது. இரண்டாவது சோடியம் கார்பனேட். 11-ஐ ஒட்டி நிற்கும், பிசுக்கை அறுக்கும், கையையும் காயவைத்துவிடும். சலவைச் சோடாவைத் தொடும்போது கையுறை கட்டாயம். அது கிடைக்காத இடத்தில் சமையல் சோடாவைத் தட்டில் மெல்லப் பரப்பி 200 டிகிரி அவனில் ஒரு மணி நேரம் வைத்தால் சலவைச் சோடா ஆகிவிடும். 100 கிராம் போட்டால் ஏறக்குறைய 63 கிராம்தான் திரும்பி வரும். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறிவிடுவதே காரணம். தட்டு அலுமினியமாக இருக்கக் கூடாது.

உப்புக்கறை

குழாய், ஷவர், கெட்டில் ஆகியவற்றில் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தேய்த்து எடுக்க முயன்றால் கறைக்கு முன்னால் குழாயின் பளபளப்புதான் போகும். அமிலம் அதைக் கரைத்துவிடும், ஆனால் நேரம் கொடுக்க வேண்டும். தெளித்தவுடன் துடைத்துவிட்டு ‘வினிகர் வேலை செய்யவில்லை’ என்று சொல்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். குழாய் செங்குத்தான பரப்பு; திரவம் நிற்காமல் வழிந்துவிடும். ஆகவே ஒரு துணியையோ டிஷ்யூ தாளையோ வினிகரில் நனைத்துக் கறையின் மேல் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு பல் துலக்கியால் லேசாகத் தேய்த்து, நிறையத் தண்ணீரில் கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். குரோம் பூச்சுள்ள குழாயில் இரவு முழுக்க ஊறவிட்டால் பூச்சே மங்கும். கறை மிஞ்சியிருந்தால் மறுநாள் இன்னொரு அரை மணி நேரம் போடுவதே நல்லது.

கெட்டிலுக்கு வினிகரைவிடச் சிட்ரிக் அமிலம் மேல், நெடி இருக்காது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றரை மேசைக்கரண்டி (சுமார் 20 கிராம்) கரைத்து ஊற்றி அரை மணி நேரம் வையுங்கள். கொதிக்கவிட வேண்டாம். கால்சியம் சிட்ரேட் சூடான தண்ணீரில் குறைவாகத்தான் கரையும். கொதித்தால் பழைய படிவு போய்ப் புதிய வெள்ளைப் படிவு ஒட்டிக்கொள்ளும். கொட்டிக் கழுவிய பின் ஒருமுறை வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதையும் கொட்டிவிடுங்கள்.

அமிலம் படவே கூடாத இடங்கள் உண்டு. பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் உங்கள் குழாயில் படிந்திருக்கும் அதே கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. வினிகர் சொட்டு விழுந்த இடம் மங்கிப் போகும். துடைத்தாலும் திரும்பாது, மறுபடி பாலிஷ் போட வேண்டும். பளிங்குச் சில்லு பதித்த மொசைக் தரைக்கும் இதே கதி. டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்டையும் அமிலம் அரிக்கும். அங்கே தவிர்க்க முடியாவிட்டால் முதலில் இடுக்கைத் தண்ணீரால் நனைத்துவிட்டு, ஐந்து நிமிடத்துக்குள் கழுவிவிடுங்கள். நனைந்த சிமெண்ட் அமிலத்தை உள்ளே அதிகம் உறிஞ்சாது. துணி துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர் வளையமும் வினிகரில் அடிக்கடி நனைந்தால் கெட்டுப்போகும்.

எண்ணெய்ப் பிசுக்கு

அடுப்பு மேடையில் அன்றன்று தெறித்த எண்ணெய்க்குச் சூடான தண்ணீரும் சில சொட்டுச் சோப்பும் போதும். வாரக்கணக்கில் விட்ட எண்ணெய் வேறு மாதிரி: காற்றும் சூடும் பட்டு இறுகி, மஞ்சள் அரக்குப் படலமாகிவிடும். இதற்குச் சலவைச் சோடா. 2 லிட்டர் சூடான தண்ணீரில் 2 மேசைக்கரண்டி போட்டு, எக்ஸாஸ்ட் விசிறியின் இறக்கையையோ வலையையோ கழற்றி 20 நிமிடம் ஊறவையுங்கள். காரம் எண்ணெயில் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடும். தண்ணீர் பழுப்பாகி வழுவழுப்பாவது அதன் அடையாளம். மோட்டாரை நனைக்காதீர்கள், கழற்றும் முன் மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள்.

வலை அலுமினியமா என்று முதலில் பாருங்கள். எடை குறைவாக, மங்கிய வெள்ளி நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் அதுதான். காரம் அலுமினியத்தின் பாதுகாப்புப் படலத்தைக் கரைத்து உலோகத்தைக் கருக்க வைக்கும்; சமையல் சோடாகூடச் சூட்டில் இதைச் செய்யும். அலுமினியத்துக்குச் சூடான சோப்புத் தண்ணீரும் பொறுமையும்தான் வழி.

எவர்சில்வர் பாத்திரம் அடிப்பிடித்துவிட்டால், கரி மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி 2 மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஆறும்வரை அப்படியே விட்டு மரக்கரண்டியால் சுரண்டினால் தகடாகக் கழன்று வரும். நான்ஸ்டிக்கில் சுரண்ட வேண்டாம், ஊறவைப்பதோடு நிறுத்துங்கள்.

தரை, கண்ணாடி

தரைக்கு 5 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சோப்புத் திரவம். கூடுதலாக ஊற்றினால் தரை ஒட்டும், அந்த ஒட்டல் தூசியைப் பிடித்து இன்னும் சீக்கிரம் அழுக்காகும். உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் சோப்பு திரிந்து சாம்பல் நிற ஆடை கட்டும். அங்கே பூந்திக்கொட்டைத் தண்ணீர் நன்றாக வேலை செய்கிறது: 15 கொட்டைகளின் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டினால் தரைக்கும் பாத்திரத்துக்கும் ஆகும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. சோப்புத் திரவத்தில் வினிகரைக் கலக்காதீர்கள், திரிந்து எண்ணெய்த் திட்டாக மிதக்கும்.

கண்ணாடிக்கு ஒரு பங்கு வினிகர், நான்கு பங்கு தண்ணீர். வெயில் நேராக அடிக்கும்போது துடைத்தால் திரவம் துடைப்பதற்கு முன்பே காய்ந்து கோடு விழும்.

பூஞ்சையும் கிருமியும்

வினிகரைக் கிருமிநாசினி என்று நம்ப வேண்டாம். சில கிருமிகளை அடக்கும், பலவற்றை விட்டுவிடும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையை முதலில் சூடான சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு தெளித்துப் பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுக் கழுவுங்கள். குளியலறை இடுக்குப் பூஞ்சைக்கும் இதே முறை. தேய்க்கும்போது ஜன்னலைத் திறந்து, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அறையில் ஈரம் நிற்கும்வரை பூஞ்சை திரும்பத் திரும்ப வரும், காற்றோட்டம்தான் அதற்கு வைத்தியம். பெராக்சைடு வண்ணத் துணியை வெளிறச் செய்யும். வெளிச்சம் பட்டால் வலுவிழக்கும் என்பதால் வந்த கருநிறப் பாட்டிலிலேயே இருக்கட்டும்.

இரத்தம், முட்டை, பால் சிந்திய துணிக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும். சூடு பட்டால் புரதம் இறுகிக் கறை நிலைத்துவிடும்.

அடைத்த கழிவுநீர்க் குழாய்

சோடாவும் வினிகரும் சேர்ந்து நுரைப்பதால் அடைப்பு போகாது. தலைமுடி அடைப்பை வளைந்த கம்பியால் இழுத்துத்தான் எடுக்க வேண்டும். கொழுப்பு படிந்து தண்ணீர் மெதுவாக இறங்கினால், அரைக் கப் சலவைச் சோடாவை ஒரு லிட்டர் சூடான தண்ணீரில் கரைத்து ஊற்றி, 15 நிமிடம் கழித்து மேலும் சூடான தண்ணீர் விடுங்கள். குழாய் பிவிசி என்றால் கொதிக்கும் தண்ணீர் கூடாது, இளகி இணைப்பு விட்டுப்போகும். 60 டிகிரி போதும்.

கலக்கக் கூடாதவை

வீட்டில் ஏற்கெனவே பிளீச் இருந்தால் அதன் பக்கத்தில்கூட வினிகரோ சிட்ரிக் அமிலமோ போக வேண்டாம்: குளோரின் வாயு கிளம்பும். கழிப்பறையில் முந்தைய நாள் பிளீச் ஊற்றியிருந்தால் இரண்டு முறை தண்ணீர் விட்ட பிறகே அமிலம். வினிகரையும் பெராக்சைடையும் ஒரே பாட்டிலில் ஊற்றினால் பெரசிட்டிக் அமிலம் உண்டாகும், கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். இயற்கை என்பதற்காக வாசனை எண்ணெய்களையும் தாராளமாகத் தெளிக்காதீர்கள். பூனை வளர்க்கும் வீட்டில் டீ ட்ரீ எண்ணெய் ஆபத்தானது.

பழத்தோலை நொதிக்கவிட்டுச் செய்யும் பயோ என்சைம் பலருக்குப் பிடிக்கிறது: வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று, தண்ணீர் பத்து, மூன்று மாதம். கிடைப்பது பெரும்பாலும் பலவீனமான அமிலம். அதனால் வினிகர் ஆகாத பளிங்கில் இதுவும் ஆகாது. கண்ணாடிக் குடுவையில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் கால் பகுதி காலியாக விட்டு, முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். கலந்து வைக்கும் எந்தப் பாட்டிலிலும் உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு, எந்தத் தேதியில் கலந்தது என்று எழுதி ஒட்டுங்கள். குடிநீர் பாட்டிலிலோ பானப் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். சலவைச் சோடா கரைசலும் தண்ணீர் மாதிரிதான் தெரியும்.