குப்பைக்கிடங்கு பக்கத்து கெணத்து தண்ணி கெட்டிருக்கா? நாமளே பாக்குறது எப்படி

நாகர்கோவில் வலம்புரிவிளை பக்கம் போனவங்களுக்கு குப்பைக்கிடங்கு நாத்தம் தெரியும், ஆனா மண்ணுக்கு அடியில என்ன நடக்குன்னு எந்த கிடங்குலயும் கண்ணுக்கு தெரியாது. மழை பெஞ்சா அழுகுன குப்பையெல்லாம் கரைஞ்சு கட்டன்காப்பி நெறத்துல ஒரு தண்ணி ஊறும், லீச்சேட்னு சொல்லுவாங்க, அடியில லைனர் (தண்ணி கீழ எறங்காம தடுக்குற விரிப்பு) போடாத பழைய கிடங்குன்னா அது கீழ எறங்கி நிலத்தடி தண்ணியில கலந்துரும். நம்ம மாவட்டத்துல ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை, ஆக வருசத்துக்கு ரெண்டு சீசன்.

மொதல்ல நான் பண்ணுன முட்டாள்தனத்த சொல்லிருதேன். கடலோரத்துல ஒரு கிடங்கு, அத ஒட்டி உள்ள ஒரே ஒரு கெணத்துல தண்ணி எடுத்து டெஸ்டுக்கு குடுத்தேன், குளோரைடு லிட்டருக்கு 600 மில்லிகிராம்னு வந்துச்சு. குடிதண்ணிக்கான ஐஎஸ் 10500 படி 250 தான் ஏத்துக்குற அளவு, வேற தண்ணி இல்லன்னா 1000 வரை போலாம். ஊரெல்லாம் சொல்லிட்டேன். பொறவு பக்கத்து வீட்டு மாமா, "எல்லாஞ் சரிடே, கிடங்குக்கு அந்தப்பக்கம் உள்ள கெணத்துல எவ்வளவு?"ன்னு கேட்டாவ. போய் எடுத்து பாத்தா அங்கயும் அதே 600 பக்கம், கடல் உப்பு. ஒத்த கெணத்து நம்பர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது மக்கா.

அதனால முதல் வேலை, தண்ணி எந்த திசையில ஓடுதுன்னு பாக்குறது. கிடங்கச் சுத்தி முக்கோணமா வர்ற மாதிரி மூணு கெணறு எடுங்க. கெணத்து விளிம்புல பெயிண்ட்ல ஒரு புள்ளி வச்சு, அந்த மூணு புள்ளியோட உயர வித்தியாசத்த கொத்தனார் வச்சிருக்குற டியூப் லெவல்ல பாத்துக்கிடுங்க, தூரமா இருந்தா சர்வே பண்றவர கூப்பிடுங்க, போன் ஜிபிஎஸ் உயரம் இதுக்கு ஒதவாது. பொறவு புள்ளியில இருந்து தண்ணி எத்தன மீட்டர் கீழ கெடக்குன்னு டேப்புல அளக்கணும், டேப் நுனியில சாக்பீஸ் தேச்சு விட்டா நனைஞ்ச இடம் தெளிவா தெரியும்.

உதாரணத்துக்கு புள்ளி உயரம் 10.00, 9.20, 8.75 மீட்டர், தண்ணி ஆழம் 4.10, 3.95, 3.40ன்னு வச்சுக்கிடுங்க. கழிச்சா 5.90, 5.25, 5.35. தரைய பாத்தா மூணாவது கெணறுதான் பள்ளம், ஆனா தண்ணி மட்டம் கம்மியா இருக்குறது ரெண்டாவதுல, தண்ணி அங்கோட்டு தான் ஓடும். கண்ண நம்பி திசை சொன்னா மாட்டிக்கிடுவோம். மூணையும் ஒரே நாள்ல அளங்க, சானல்ல தண்ணி விட்டாலோ குளம் பெருகுனாலோ மட்டம் மாறிரும். திசை தெரிஞ்சப்பொறவு, தண்ணி கிடங்குக்கு வர்ற மேல்பக்கம் குறைஞ்சது ஒரு கெணறு, கிடங்க தாண்டி ஓடுற கீழ்பக்கம் மூணு கெணறு டெஸ்டுக்கு எடுங்க. 2016 திடக்கழிவு மேலாண்மை விதியில, கிடங்கு எல்லையில இருந்து 50 மீட்டருக்குள்ள கோடை, மழை, மழைக்கு பொறவுன்னு எல்லா சீசன்லயும் பாக்கணும்னு இருந்துச்சு, நாமளும் அதே மாதிரி எடுத்தா போதும்.

அடுத்தது தண்ணி எடுக்குறது. மேல்நிலை தொட்டி குழாய்ல பிடிக்காதீங்க, அது தொட்டி தண்ணி. போர்னா குழாய்க்குள்ள தேங்கி கெடக்குறத மொதல்ல வெளிய தள்ளணும், தேங்குன அளவப் போல மூணு மடங்கு. நாலரை இஞ்ச் குழாய்ல மீட்டருக்கு சுமார் 10 லிட்டர் நிக்கும், 6 மீட்டர் தண்ணின்னா 60, மூணு மடங்கு 180 லிட்டர். அதுக்கப்புறமும் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா பிஎச்சும் (புளிப்பு காரத்த காட்டுற அளவு) டிடிஎஸ்ஸும் (கரைஞ்ச உப்போட அளவு) பாத்து, அலையாம நின்னப்பொறவு பிடிங்க. தொறந்த கெணத்த எறைக்க முடியாது, நடுவுல ஒரு மீட்டர் ஆழத்துல இருந்து எடுங்க. பிளீச்சிங் பவுடர் போட்டாச்சான்னு வீட்டுக்காரங்க கிட்ட கேட்டுக்கிடுங்க, போட்டிருந்தா கிருமி டெஸ்டு சரியா வராது. மேல்பக்க கெணத்துல தொடங்கி கீழ்பக்கம் வாங்க, இல்லன்னா கெட்ட தண்ணி பட்ட வாளி நல்ல கெணத்தையும் கெடுத்துரும்.

பாட்டில லேப்ல இருந்தே வாங்குறது நல்லது. ஈயம், காட்மியம் மாதிரி உலோகத்துக்கு நைட்ரிக் ஆசிட் போட்ட பாட்டில், அமோனியாவுக்கும் சிஓடிக்கும் (தண்ணியில கரைஞ்சிருக்குற கழிவு எவ்வளவுன்னு காட்டுற அளவு) சல்பூரிக் ஆசிட் போட்டது, கிருமிக்கு ஸ்டெரைல் பாட்டில். நான் ஒருக்கா ஆசிட் பாட்டில நல்லா கழுவி ஊத்திட்டு தண்ணி பிடிச்சேன், லேப்ல சிரிச்சாவ, டெஸ்டு வரைக்கும் தண்ணி மாறாம இருக்கத்தான் அந்த ஆசிட்டே. எல்லாத்தையும் ஐஸ் பெட்டியில வச்சு அன்னைக்கே கொண்டு குடுத்துருங்க, பாட்டில்ல கெணறு, தேதி, நேரம் எழுத மறக்காண்டாம்.

ரிப்போர்ட் வந்தா என்ன பாக்கணும்? நம்ம செம்மண்ணுல இரும்பு இயற்கையாவே வரும், கடலோரத்துல குளோரைடும் வரும், அதுங்கள தனியா பாத்து பதறாதீங்க. அமோனியா, பொட்டாசியம், சிஓடி இந்த மூணும் குளோரைடு கூட சேந்து கீழ்பக்கத்துல மட்டும் ஏறியிருந்தா லீச்சேட் மேல சந்தேகப்படலாம், ஏன்னா கடல் தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 19,000 மில்லிகிராம் இருந்தா பொட்டாசியம் 400 கிட்ட தான், அமோனியா இல்லங்குற மாதிரி. பக்கத்துல செப்டிக் டேங்க் இருந்தாலும் அமோனியா காட்டும், அதையும் பாத்துக்கிடணும். அதனால ஒரு தடவ ஏறியிருக்குன்னு வந்தா ரெண்டு வாரத்துல அதே கெணத்துல மறுபடி எடுத்து, அப்பவும் அப்படியேன்னா ரெண்டு ரிப்போர்ட்டையும் சேத்து மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதுங்க. இன்னொண்ணு, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டுன கெணத்து தண்ணிய கைப்பிள்ளைக்கு பால் கலக்க எடுக்காண்டாம், கொதிக்க வச்சாலும் நைட்ரேட் போகாது, தண்ணி வத்த வத்த கூடத்தான் செய்யும்.