மெகல்லனின் ஐந்து கப்பல்களை வைத்து இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பது எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொலம்பஸ், வாஸ்கோ ட காமா, மெகல்லன், கேப்டன் குக் என்று ஒரே வாரத்தில் வரிசையாக ஓட்டாதீர்கள். டியூஷன் ஆரம்பித்த புதிதில் நான் அதைத்தான் செய்தேன். சனிக்கிழமை கேள்வி கேட்டால் கொலம்பஸ் கோழிக்கோட்டில் இறங்கினார் என்று ஒரு வாண்டு அடித்துச் சொல்கிறது. 1492, 1498, 1519 எல்லாம் ஒன்றாகக் கலந்து கூட்டாஞ்சோறு ஆகியிருந்தது. அதற்கப்புறம் ஒரே ஒரு பயணம்தான், அதுவும் மெகல்லன் பயணம்தான். மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் தாராளமாக ஓடும்.

ஏன் மெகல்லன் என்றால், கப்பல் ஐந்து, அந்த ஐந்துக்கும் ஐந்து விதமான முடிவு. பாஸ்ட் டென்ஸ் நடத்த இதைவிடத் தோதான கதை எனக்குக் கிடைத்ததில்லை.

புத்தகத்தை எடுக்காமல் அஞ்சறைப்பெட்டியை எடுங்கள். ஆளுக்கு ஒரு கிராம்பைக் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்லுங்கள். 'க்ளோவ்', 'ஸ்மெல்', 'ஸ்பைஸ்', அன்றைக்கு இந்த மூன்று வார்த்தை போதும். அந்தக் காலத்தில் கிராம்பு விளைந்தது மலுக்கு என்ற சில சின்னத் தீவுகளில் மட்டும்தான், இன்றைய இந்தோனேசியாவில் இருக்கின்றன. ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கிழக்கே போகும் வழி போர்ச்சுகல் கையில் இருந்தது, அதனால் மேற்கே போயே அந்தத் தீவுகளைப் பிடிக்கலாம் என்று ஸ்பெயின் ராஜாவிடம் சொல்லிக் கப்பல் வாங்கியவர் மெகல்லன், இத்தனைக்கும் அவரே போர்ச்சுகல்காரர். இந்தப் பின்கதையைத் தமிழிலேயே சொல்லுங்கள், தப்பே இல்லை. கதை புரிந்தால்தான் இங்கிலீஷ் வாய்க்கு வரும்.

அடுத்து, ஐந்து காகிதக் கப்பல். பிள்ளைகளே மடிக்கட்டும், பெயரும் அவர்களே எழுதட்டும்: டிரினிடாட், சான் அந்தோனியோ, கான்செப்சியோன், விக்டோரியா, சாந்தியாகோ. தரையில் சாக்பீஸால் தென் அமெரிக்கா, பசிபிக், பிலிப்பைன்ஸ் என்று கோணல்மாணலாக வரைந்து கப்பல்களை நகர்த்துங்கள். 1519 செப்டம்பர் 20 அன்று ஸ்பெயினின் சான்லூகார் துறைமுகத்திலிருந்து கிளம்பின, ஏறக்குறைய 240 பேர். சாந்தியாகோ தென் அமெரிக்கக் கரையோரம் வேவு பார்க்கப் போய்ப் புயலில் உடைந்தது: 'இட் ப்ரோக்'. சான் அந்தோனியோ பாதி வழியில் கம்பி நீட்டி ஸ்பெயினுக்கே திரும்பிவிட்டது: 'இட் வென்ட் பேக்'. பிலிப்பைன்ஸ் பக்கம் வரும்போது மூன்று கப்பலை ஓட்ட ஆள் போதவில்லை, கான்செப்சியோனை அவர்களே கொளுத்தினார்கள்: 'தே பர்ன்ட் இட்'. டிரினிடாட் ஒழுக ஆரம்பித்து மலுக்குத் தீவிலேயே தங்கிவிட்டது: 'இட் ஸ்டேட்'. விக்டோரியா மட்டும் 1522 செப்டம்பர் 6 அன்று சான்லூகாருக்கே வந்து சேர்ந்தது, அதில் 18 பேர்: 'இட் கேம் பேக்'. ஒவ்வொரு வாக்கியத்தையும் சொன்ன பிள்ளைதான் அந்தக் கப்பலைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும், அதுதான் விதி. எடுப்பதற்கு நடக்கும் சண்டையிலேயே ஐந்து வினைச்சொல்லும் மனப்பாடம் ஆகிவிடும்.

சுவர் வரைபடம் வைத்திருந்தால் இன்னொரு சிக்கல் வரும், தயாராக இருங்கள். ஒரு பையன் அட்லாண்டிக்கிலிருந்து விரலால் மேற்கே நகர்த்திக்கொண்டே போனான், தென் அமெரிக்கா தாண்டியதும் தாளின் ஓரம் வந்துவிட்டது. 'மிஸ், இனிமே பேப்பர் இல்லையே?' என்றான். பிலிப்பைன்ஸோ வலது கோடியில் இருக்கிறது, கப்பல் எப்படிக் குதித்தது? நான் வரைபடத்தைக் கழற்றி, இரண்டு ஓரத்தையும் சேர்த்து செலோ டேப் ஒட்டி உருளையாக்கிக் கொடுத்தேன். அவன் விரல் நிற்காமல் ஒரு சுற்று வந்தது. 'அரவுண்ட் தி வேர்ல்ட்' என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

இந்த அரவுண்ட், த்ரூ, அக்ராஸ் வார்த்தைகளில்தான் நம் பிள்ளைகள் நிஜமாகவே தடுமாறுவார்கள். தமிழில் 'நீர்ச்சந்தி வழியாக', 'கடலைக் கடந்து' என்று பெயருக்குப் பின்னால் வருவது இங்கிலீஷில் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. விளக்கம் வேண்டாம், உடம்பால் செய்ய வையுங்கள். வளையலுக்குள் விரலை விட்டால் 'த்ரூ', அது மெகல்லன் நீர்ச்சந்தி, தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியில் அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் சேர்க்கும் ஒடுக்கமான கடல்வழி, குறுகலும் வளைவுமாக 38 நாள் பிடித்தது. ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தால் 'அக்ராஸ்', அது பசிபிக். மேஜையைச் சுற்றி வந்தால் 'அரவுண்ட்'. ஒரு நாள் முழுக்க இந்த மூன்றுதான், நான்காவதைச் சேர்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

பசிபிக் வரும்போது கொஞ்சம் நிதானமாகப் போங்கள், கதையின் உயிரே அங்கேதான். மூன்று மாதத்துக்கு மேல் புதுச் சாப்பாடு எதுவும் இல்லை. கப்பலில் இருந்த அந்தோனியோ பிகாஃபெட்டா என்ற இத்தாலிக்காரர் எழுதி வைத்திருக்கிறார்: பிஸ்கட் புழுத்துப் பொடியாகி எலி மூத்திர நாற்றம் அடித்தது, தண்ணீர் மஞ்சளாகிவிட்டது, பாய்மரத்தில் சுற்றியிருந்த மாட்டுத்தோலைக் கடலில் நாலைந்து நாள் ஊறப்போட்டுச் சுட்டுத் தின்றார்கள், மரத்தூளையும் தின்றார்கள், எலிக்குக் கூட விலை வைத்தார்கள். ஆளுக்கு ஒரு ரஸ்க்கை டீ இல்லாமல் கொடுத்து 'ஹார்ட்', 'ட்ரை' சொல்லிக் கொடுங்கள். அப்புறம் கேள்வி: 'வாட் டிட் தே ஈட்?' இங்கே 'டிட் தே ஏட்' என்று கட்டாயம் வரும், பெரியவர்களுக்கே வருகிறதே. கேள்வியில் 'டிட்' வந்துவிட்டால் 'ஈட்' மாறாது, பதிலில்தான் 'தே ஏட் லெதர்'. 'த்ச்சீ' என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே பத்து தடவை சொல்வார்கள், சொல்லட்டும்.

'டிஸ்கவர்ட்' என்ற வார்த்தை மேல் எனக்கு ஒரு சின்ன எரிச்சல் உண்டு. மெகல்லன் போன தீவுகளில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். 1521 ஏப்ரல் 27 அன்று மக்டான் தீவில் லாபுலாபு என்ற தலைவரின் ஆட்களோடு சண்டைக்குப் போய்த்தான் மெகல்லன் செத்தார், பிலிப்பைன்ஸில் இன்றைக்கும் லாபுலாபுதான் வீரர். அதனால் நான் 'ரீச்ட்' என்றுதான் சொல்லிக் கொடுப்பேன். மெகல்லன் உலகத்தை முழுதாகச் சுற்றி ஊர் திரும்பவில்லை, விக்டோரியாவைக் கொண்டுவந்து சேர்த்தவர் எல்கானோ என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், வினாடி வினாவில் பாதிப் பேர் சறுக்கும் இடம் இது.

கடைசி வகுப்புக்கு ஒரு குட்டி நாடகம் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் வழியில், 1522 ஜூலையில், விக்டோரியா சாப்பாட்டுக்காக ஆப்பிரிக்காவுக்கு மேற்கே இருக்கும் கேப் வெர்டே தீவுகளில் ஒதுங்கியது. கப்பல் கணக்குப்படி அன்று புதன், கரையில் இருந்தவர்களோ வியாழன் என்றார்கள். பிகாஃபெட்டா ஒரு நாள் விடாமல் குறித்து வந்தவர், குழம்பிப்போனார். சூரியன் போகும் திசையிலேயே மேற்கே போய்க்கொண்டிருந்ததில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீண்டு, ஒரு முழுச் சுற்று முடியும்போது ஒரு சூரிய உதயம் கணக்கில் குறைந்திருந்தது. இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்துங்கள். ஒருத்தி 'டுடே இஸ் வெட்னஸ்டே' என்பாள், மற்றவன் 'நோ, டுடே இஸ் தர்ஸ்டே' என்பான். எத்தனை நேரம் வேண்டுமானாலும் நடக்கும். போன தடவை அந்த வாக்குவாதத்தின் நடுவில் ஒருத்தி சட்டென்று என் பக்கம் திரும்பி, 'மிஸ், அப்போ அவங்க எல்லாருக்கும் ஒரு நாள் லீவு போச்சா?' என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். 'டே' வரைக்கும் நான் எடுத்துக் கொடுத்தேன், 'தே லாஸ்ட் ஒன் டே' என்று அவளே சொல்லி முடித்தாள்.