மீட் ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் நெவாடா, அரிசோனா எல்லையில், கொலராடோ ஆற்றை ஹூவர் அணை தேக்கியதால் உண்டான மீட் ஏரியின் நீர்மட்டம் 1,060 அடி என்று செய்தியில் பார்த்துவிட்டு, ஆயிரம் அடி தண்ணீர் இருக்கும்போது எதற்கு இவ்வளவு பதற்றம் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் தவறே இதுதான். அந்த எண் ஏரியின் ஆழம் இல்லை, தண்ணீரின் மேல்பரப்பு கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற கணக்கு. ஹூவர் அணை நிரம்பி நின்றால் 1,229 அடி. 895 அடிக்கு இறங்கினால் அணையைத் தாண்டி ஒரு சொட்டுகூடக் கீழே போகாது. மின்சாரம் எடுப்பது அதற்கு முன்பே, 950 அடியிலேயே நின்றுவிடும். ஆக, பார்க்க வேண்டியது 1,229, 895 என்ற இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைத்தான். 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 1,214 அடி இருந்தது, 2022 ஜூலையில் சுமார் 1,040 அடிக்கு வந்தது. 1930களில் முதன்முதலாக நிரம்பத் தொடங்கிய பிறகு அவ்வளவு கீழே அது போனதே இல்லை. பாறைகளில் தெரிகிற அந்த வெள்ளைப் பட்டை, இறங்கிப்போன தண்ணீர் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவுதான்.

அடுத்தது மழையைப் பார்த்துக் கணக்குப் போடுவது. லாஸ் வேகஸில் வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 4 அங்குலம், அதனால் ஏரி நிரம்பாது. ராக்கி மலைகளில் விழும் பனி உருகி, கொலராடோ ஆற்றில் இறங்கி, பவல் ஏரியில் தேங்கி, அங்கிருந்து திறந்துவிட்ட பிறகுதான் இங்கே வந்து சேர்கிறது. அதனால் மே மாதத்தில் படகை எடுத்துக்கொண்டு கிளம்பத் திட்டமிடுபவர், குளிர்காலத்தில் கொலராடோ, வயோமிங் மாநிலங்களில் பனி எப்படி இருந்தது என்று பார்த்திருக்க வேண்டும். அமெரிக்க நீர்வளச் சீரமைப்புத் துறை அடுத்த 24 மாதங்களுக்கான கணிப்பை மாதாமாதம் வெளியிடுகிறது, எந்தப் படகுத்துறையில் எப்போது ரேம்ப், அதாவது படகை இறக்கும் சரிவுத் தளம், தண்ணீரை எட்டாமல் போகும் என்பதை அதை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம்.

கரையில் நின்று பேசும்போது ஏரி வற்றுவதற்குக் காரணம் என்று எல்லோரும் கை காட்டுவது வேகஸ் நீரூற்றுகளைத்தான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கணக்கைப் பாருங்கள். கொலராடோ ஆற்று நீரைப் பங்கிட்ட 1922 ஒப்பந்தம் ஆற்றின் மேல்படுகை மாநிலங்களுக்கும் கீழ்படுகை மாநிலங்களுக்கும் ஆளுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, அதாவது நம் கணக்கில் சுமார் 327 டி.எம்.சி., என்று ஒதுக்கியது. 1944இல் மெக்சிகோவுக்கு இன்னும் 15 லட்சம் சேர்ந்தது. மொத்தம் 165 லட்சம். ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடிய ஆண்டுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. 2000க்குப் பிறகு ஆறு சராசரியாகக் கொடுப்பது 125 லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. போதாததற்கு, பாலைவன வெயிலில் மீட் ஏரியின் பரப்பிலிருந்து வருடத்துக்குச் சுமார் 6 அடி தண்ணீர் ஆவியாகவே போகிறது, அதைப் பங்கு பிரித்தவர்கள் யார் பங்கிலும் கழிக்கவில்லை. நெவாடாவின் பங்கு வெறும் 3 லட்சம், அரிசோனாவுக்கு 28, கலிஃபோர்னியாவுக்கு 44. வேகஸ் வீடுகளுக்குள் பயன்படுத்தும் தண்ணீர் கிட்டத்தட்ட முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு மறுபடி ஏரிக்கே வருகிறது. அலங்காரத்துக்கு மட்டும் வளர்க்கும் பொதுவிடப் புல்வெளிகளுக்கு ஆற்றுத் தண்ணீர் விடக் கூடாது என்று 2021இல் சட்டமே போட்டுவிட்டார்கள். பெரும்பங்கு போவது வயலுக்கு, அதிலும் மாட்டுத் தீவனமான அல்ஃபால்ஃபாவுக்கு. உழவர்களைத் திட்டச் சொல்லவில்லை, அமெரிக்கா குளிர்காலத்தில் தின்னும் காய்கறியில் பெரும்பகுதி அந்த வயல்களில்தான் விளைகிறது. ஆனால் இல்லாத தண்ணீரைப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்பதை ஒதுக்கிவிட்டு நீரூற்றை மட்டும் குறை சொன்னால் ஏரியில் ஒரு அங்குலம்கூட ஏறாது.

சரி, இனி படகுக்கு வருவோம். ஏரி சுருங்கும்போது வருகிறவர்கள் கூட்டம் அதே அளவு சுருங்குவதில்லை. 2022 கோடையில் மற்ற ரேம்ப்கள் மூடிக் கிடக்க, எல்லோரும் ஹெமன்வே துறையில் போய்க் குவிந்தார்கள். முன்பு பல துறைகளில் பரவி நடந்தபோது பெரிதாகத் தெரியாத பழக்கங்கள் அப்போது ஒரே இடத்தில் விழுந்தன. ரேம்ப்பின் நடுவில் நின்றுகொண்டு ஐஸ்பெட்டி ஏற்றுவது, கயிறு தேடுவது, வடிகால் அடைப்பானை எங்கே வைத்தோம் என்று துழாவுவது எல்லாம் மேலே வண்டி நிறுத்துமிடத்திலேயே முடிந்திருக்க வேண்டும். அதைவிட மோசம், எஞ்சினை முடுக்கிப் படகை டிரெய்லர்மேல் ஏற்றுவது. சுழலி தள்ளும் தண்ணீர் தளம் முடியும் இடத்தில் மண்ணை அரித்துக் குழி பறித்துவிடும். தண்ணீர் இன்னும் இரண்டு அடி இறங்கியதும் அடுத்து வருபவரின் டிரெய்லர் சக்கரம் அந்தக் குழியில் விழும். தண்ணீரைத் துரத்திக்கொண்டே இரும்புக் குழாய்ப் பாய்களைப் போட்டு ரேம்ப்பை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதன் விளிம்பைத் தாண்டி ஒரு அடிகூடப் பின்னால் எடுக்காதீர்கள். தளம் எட்டவில்லை என்றால் வண்டியைக் கரையில் இறக்கிப் பார்ப்போம் என்ற எண்ணமும் வேண்டாம். ஏரியின் வடக்குக் கிளையான ஓவர்டன் பக்கம் வர்ஜின் (Virgin) ஆறும் மடி (Muddy) ஆறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மேலே வெடித்துக் காய்ந்து கெட்டியாகத் தெரியும், உள்ளே குழைசேறு, அச்சு வரை இறங்கிவிடும். அனுமதித்த சாலையை விட்டு வண்டி ஓட்டுவது அங்கே சட்டப்படியும் குற்றம்.

பழைய வரைபடத்தை நம்புவதும் ஆபத்துதான். வரைபடம் 1,221 அடி மட்டத்துக்குப் போட்டது, இன்று ஏரி 1,060இல் நிற்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 161 அடி. அப்படியானால் 165 அடி ஆழத்தில் இருப்பதாகக் குறித்த பாறைமேடு இப்போது வெறும் 4 அடிக்குக் கீழே இருக்கிறது, வேகமாகப் போனால் சுழலியும் எஞ்சின் அடிப்பகுதியும் உடையும். மின்னணு வரைபடக் கருவிகள் பலவற்றில் அன்றைய மட்டத்தைக் கொடுத்துத் திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது, கிளம்பும் முன் அதைச் செய்யுங்கள். காற்று திடீரென்று எழும், உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள்.

மீனைப் பற்றி நான் அதிகம் வருந்துவது வசந்தகாலத்தில். லார்ஜ்மவுத் பாஸ் கரையோரம் சில அடித் தண்ணீரில், சரளைக்கற்களை வாலால் துடைத்துத் தட்டுபோல ஒரு பள்ளம் செய்யும். பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போனதும், ஆண் அதன்மேலேயே நின்று துடுப்பை அசைத்துக் காவல் காக்கும். கீழே வயல்களுக்குத் தண்ணீர் தேவை ஏறுவதும், ஏரி வேகமாக இறங்குவதும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான், அதனால் கூடுகள் முன்னமே வெளியே வந்து காய்கிற அபாயத்தில் இருக்கின்றன. அப்போது தெளிந்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரிகிற அந்தக் காவல் மீனை வம்புக்கு இழுத்துப் பிடித்து, படத்துக்காகப் பத்து நிமிடம் படகில் வைத்திருந்தால், சுற்றி நிற்கும் ப்ளூகில் என்ற சிறு மீன்களின் கூட்டம் முட்டையை மேய்ந்துவிடும். தயவுசெய்து கூட்டில் நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடாதீர்கள். தவறிச் சிக்கினால், பிடித்த இடத்திலேயே உடனே விட்டுவிடுங்கள்.

ஸ்ட்ரைப்ட் பாஸ் விஷயத்தில் தவறு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. 1969இல் கொண்டுவந்து விட்ட அந்த மீன் பெருகி, ஷாட் என்ற சிறு மீன்களைத் தின்றே வாழ்கிறது, ஷாட் போதாத ஆண்டுகளில் மெலிந்து தலை பெரிதாகத் தெரியும். சின்னவற்றுக்கு விதிகள் தாராளமாக விட்டிருப்பதன் காரணமும் அதுதான். அதை அறியாமல், கொடுங்கோடையில் ஆழத்திலிருந்து இழுத்துக் களைத்துப்போன மீனை இரக்கப்பட்டு வெந்நீர் போன்ற மேல்தண்ணீரில் விட்டால் பெரும்பாலும் அது பிழைக்காது. சமைக்கப் போதுமான அளவு பிடித்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்க்காமல் போகாதீர்கள், நெவாடாவும் அரிசோனாவும் பங்கிட்டுக்கொள்ளும் ஏரி இது.

கடைசியாக, வீட்டுக்குத் திரும்பும்போது செய்யும் தவறு. 2007 ஜனவரியில் இங்கே, வெளியிலிருந்து தொற்றிப் பரவும் குவாகா சிப்பியைக் கண்டார்கள், ராக்கி மலைகளுக்கு மேற்கே அதுதான் முதல் தடவை. இப்போது தண்ணீர் இறங்கிய கரையெல்லாம் அதன் ஓடுகள்தான், வெறுங்காலில் நடந்தால் கிழிக்கும். பெரிய சிப்பி கண்ணுக்குத் தெரியும், அதன் குஞ்சு தெரியாது. படகின் அடித்தட்டில் நிற்கும் தண்ணீர், மீன்தொட்டி, இரைவாளி, ஈரமான நங்கூரக் கயிறு, எதில் வேண்டுமானாலும் பயணம் செய்யும். ஒரு தடவை இன்னொரு ஏரியில் குடியேறிவிட்டால் அதை ஒழிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். ரேம்ப்பை விட்டு மேலே ஏறியதும் வடிகால் அடைப்பானைக் கழற்றி எல்லாத் தண்ணீரையும் வடியவிடுங்கள், கழற்றியபடியேதான் சாலையில் போக வேண்டும் என்பது நெவாடாவில் சட்டம். ஒட்டிய செடி, சேறு எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள். மிச்சமிருக்கும் இரையை ஏரியில் கொட்டாமல் குப்பையில் போடுங்கள். அப்புறம் படகை நன்றாகக் காயவிடுங்கள், மறுநாளே வேறு ஏரிக்குப் போகும் திட்டம் இருந்தால் வெந்நீரில் கழுவித் தரும் நிலையத்துக்குப் போய்விட்டுப் போங்கள்.