ஆபீஸுக்கு கார்ட்லெஸ் போன்: லைன் பார்ப்பது முதல் பேட்டரி மாற்றுவது வரை

கார்ட்லெஸ் போன் பெட்டியைப் பிரித்ததும் எல்லோர் கையும் ஹேண்ட்செட்டுக்குத்தான் போகும். ஆனால் லைன் வந்து சேருவது பேஸில், அதாவது ஓரிடத்தில் நிற்கும் அடிப்பெட்டியில். கரண்ட் கொடுப்பதும் பேஸுக்குத்தான். எந்த ஹேண்ட்செட் தன்னுடையது, எந்த அழைப்பை யாருக்குக் கொடுப்பது என்று கணக்கு வைத்திருப்பதும் அதுதான். பேஸை எங்கே வைக்கிறோம், எந்த லைனில் சொருகுகிறோம் என்ற இரண்டையும் ஒழுங்காகச் செய்துவிட்டால், பின்னால் வரும் புகார்களில் பெரும்பகுதி வராது. மிச்சம் இருப்பது பேட்டரி.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது

இங்கே கடைகளில் விற்கும் நல்ல கார்ட்லெஸ் போன்கள் டெக்ட் (டிஜிட்டல் கார்ட்லெஸ் போனுக்கான தரம்) வகை. 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசையில் வேலை செய்பவை. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் போனில் ‘டெக்ட் 6.0’ என்று போட்டிருக்கும். 6.0 என்பதால் புதுசு, நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். அது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் பேசும். நம் ஊரில் மொபைல்கள் டவருக்குப் பேசும் அலைவரிசைகளில் ஒன்று 1920-ல்தான் தொடங்குகிறது, அதனால் பக்கத்து டவருக்கு இடைஞ்சல். போதாததற்கு அதன் அடாப்டர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட் பிளக்கில் சொருகினால் அன்றோடு முடிந்தது. அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

டெக்ட் நமக்கு அந்நியமான சரக்கும் இல்லை. 1990-களில் சென்னை ஐஐடியில் உருவான ‘கார்டெக்ட்’ இதே தொழில்நுட்பத்தை வைத்து, வீடு வீடாகக் கம்பி இழுக்காமல் தொலைபேசி இணைப்பு தருவதற்காகச் செய்யப்பட்டது.

இன்னொன்றையும் வாங்கும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நான்கு ஹேண்ட்செட் வாங்கினால் நான்கு பேர் ஒரே நேரத்தில் வெளியே பேசலாம் என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. லைன் ஒன்று என்றால் வெளி அழைப்பும் ஒன்றுதான். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர் அதில் சேர்ந்துகொள்ளலாம், அழைப்பை வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவே.

முதலில் லைன்

புதுப் போனைச் சொருகுவதற்கு முன், ஒரு பழைய வயர் போனை அதே இடத்தில் மாட்டி டயல் டோன் வருகிறதா, இரைச்சல் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இந்த இரண்டு நிமிஷ வேலையைச் செய்யாததால்தான் லைன் கோளாறுக்குப் புதுப் போனைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள்.

செம்புக் கம்பி லைன் என்றால் சுவரில் அந்தக் கம்பி வந்து முடியும் ரோசெட் பெட்டி இருக்கும். போன் வயரின் சின்னப் பின்னில் நடுவில் உள்ள இரண்டு கம்பிகள்தான் லைன். மற்றவை இருந்தாலும் வேலை இல்லை. போன் சும்மா இருக்கும்போது அதில் 48 வோல்ட் டிசி நிற்கும். ரிங் வரும் நேரத்தில் 75 வோல்ட்டோ அதற்கு மேலோ ஏசி ஓடும். ஆளைக் கொல்லாது, ஆனால் ஸ்டூல் மேல் நிற்பவரைத் தூக்கிப் போடும். அதனால் ரோசெட்டைத் திறந்து கம்பியைத் தொடும்போது நினைவிருக்கட்டும். அதே கம்பியில் பழைய பிராட்பேண்டும் ஓடினால் இரண்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வழியாகத்தான் போனை மாட்ட வேண்டும்; நேரடியாக மாட்டினால் காதில் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் விடாது.

ஃபைபர் இணைப்பு என்றால் மோடத்தின் பின்பக்கம் போனுக்கென்று தனி ஓட்டை இருக்கும். போன் படமோ ‘டெல்’ என்ற எழுத்தோ போட்டிருக்கும். பக்கத்திலேயே வரிசையாக நெட் கேபிள் ஓட்டைகள். போன் பின் அளவில் சிறியது என்பதால் அவற்றுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும், ‘டிக்’ என்று சத்தம்கூடக் கேட்கும். டயல் டோன் மட்டும் வராது. புகார் வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபைபர் போட்ட பிறகும் பல ஆபீஸ்களில் சுவரில் பழைய ரோசெட் அப்படியே கிடக்கும். கட்டடத்துக்குள் ஓடும் அந்தப் பழைய வயரிங்கைப் பயன்படுத்த ஆசைப்பட்டு, மோடத்தின் போன் ஓட்டையிலிருந்து ரோசெட்டுக்கு ஒரு வயர் போட்டுவிடுவார்கள். வெளியிலிருந்து வரும் எக்ஸ்சேஞ்ச் கம்பி அதில் இன்னும் சேர்ந்திருந்தால், அந்த 48 வோல்ட் நேராக மோடத்துக்குள் ஏறி போன் ஓட்டையைப் பாழாக்கிவிடும். வெளிக் கம்பியை ரோசெட்டிலிருந்து கழற்றி, நுனியில் டேப் சுற்றிய பிறகே இதைச் செய்ய வேண்டும்.

இன்டர்காம் பெட்டி உள்ள ஆபீஸில் கார்ட்லெஸ் போன் ஒரு எக்ஸ்டென்ஷனாக மாட்டப்படும். அது சாதாரண அனலாக் எக்ஸ்டென்ஷனாக இருக்க வேண்டும். மேனேஜர் மேஜையில் நிறையப் பட்டனும் திரையும் உள்ள போன் ஓடிக்கொண்டிருக்கும் கம்பி டிஜிட்டலாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் ஊமையாகத்தான் இருக்கும்.

பேஸை எங்கே வைப்பது

பெட்டியில் ‘உள்ளே 50 மீட்டர், வெளியே 300 மீட்டர்’ என்று போட்டிருப்பார்கள். 300 என்பது நடுவில் மரம்கூட இல்லாத மைதானத்துக்கு. கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினாலே 50 மீட்டரும் பாதியாகலாம். இரும்பு இன்னும் மோசம். ஃபைல் வைக்கும் ஸ்டீல் பீரோ, ரோலிங் ஷட்டர், லிஃப்ட் கூண்டு, இரும்பு ரேக் அடுக்கிய குடோன் எல்லாம் அலையைத் தடுத்து நிறுத்திவிடும். பேஸை பீரோவின் பக்கவாட்டில் ஒட்டி வைப்பதும், மேஜையின் இரும்பு டிராயருக்குள் வைப்பதும் கூடாது.

ஹேண்ட்செட் புழங்கும் அறைகளுக்கு நடுவாக, ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மர ஷெல்ஃப் கிடைத்தால் அதுதான் சரியான இடம். கம்ப்யூட்டர், மோடம், ஃப்ளோரசன்ட் டியூப்லைட்டின் சோக் இவற்றிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதால் டெக்ட்டோடு நேரடியாக மோதாது, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பழைய கார்ட்லெஸ் போன் என்றால் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதைப் படுத்தி எடுக்கும்.

இடம் முடிவு செய்யும் முன் ஒருவரைப் பேச விட்டு, ஹேண்ட்செட்டோடு ஆபீஸ் முழுக்க நடக்கச் சொல்லுங்கள். பேச்சு துண்டு துண்டாக உடையும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பல நேரம் பேஸை இரண்டடி நகர்த்தினாலே சரியாகிவிடும். இந்தச் சோதனையின்போது ‘எகோ மோட்’ அணைந்திருக்கட்டும். அது கரண்டை மிச்சப்படுத்த அலையின் வலுவைக் குறைக்கும், தூரமும் அதோடு குறையும்.

பேட்டரியும் முதல் சார்ஜும்

ஹேண்ட்செட்டில் போடுவது பெரும்பாலும் இரண்டு டிரிபிள் ஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், பொதுவாக 550 முதல் 750 மில்லிஆம்பியர் மணி. கூட்டல் கழித்தல் பார்த்துப் போட்டு, சார்ஜரில் வைத்து, குறைந்தது 8 மணி நேரம் தொடாமல் விடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை மாட்டிவிட்டுப் போனால் தொல்லை இல்லை. திரையில் பேட்டரி நிறைந்ததாக முன்னாலேயே காட்டும். அந்த முதல் தடவை காட்டுவதை நம்ப வேண்டாம்.

டிவி ரிமோட்டுக்குப் போடும் 1.5 வோல்ட் செல் இதே அளவில்தான் இருக்கும், கச்சிதமாக உட்காரும். போட்டுவிடாதீர்கள். அவை சார்ஜ் ஏற்றுவதற்கானவை அல்ல. சூடாகிக் கசியும், சில நேரம் வெடிக்கும்.

செட்டிங்கில் நான்கு விஷயம்

மெனுவில் நூறு இருக்கும். ஆபீஸுக்கு முக்கியம் நான்கு.

டயலிங் முறை ‘டோன்’ என்று இருக்க வேண்டும். ‘பல்ஸ்’ என்று இருந்தால் அழைப்பு போகக்கூடும். ஆனால் பேங்குக்குப் போன் போட்டு ‘1-ஐ அழுத்தவும்’ என்றால் எவ்வளவு அழுத்தினாலும் அங்கே கேட்காது.

அடுத்தது ஃப்ளாஷ் நேரம். இன்டர்காம் பெட்டியோடு மாட்டியவர்களுக்கு மட்டும்தான் இது, ஆனால் அவர்களுக்கு இதுதான் தலைவலி. ஹேண்ட்செட்டில் ‘ஆர்’ அல்லது ‘ஃப்ளாஷ்’ என்ற பட்டன் லைனைக் கண நேரம் துண்டித்துச் சேர்க்கும். அதைப் பார்த்துத்தான் பெட்டி அழைப்பை நிறுத்தி வைத்து அடுத்த எண்ணைக் கேட்கும். துண்டிப்பு நேரம் குறைந்தால் பெட்டிக்கு அது தெரியாது. கூடினால் போனை வைத்துவிட்டதாக நினைத்து அழைப்பையே அறுத்துவிடும். ‘டிரான்ஸ்ஃபர் பண்ணினால் கட் ஆகிறது’ என்ற புகாருக்குக் காரணம் இதுதான். 600 மில்லிவிநாடியில் தொடங்குங்கள். கட் ஆனால் 300, 100 என்று இறங்குங்கள். ஒன்றுமே நடக்காவிட்டால் மேலே ஏறுங்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் ஒரு எண்ணுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பேஸின் ரகசிய எண். பல மாடல்களில் 0000 என்று வரும். மாற்றிவிட்டு, புது எண்ணை பேஸின் அடியில் எழுதி ஒட்டாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான்காவது, தேதியும் நேரமும். அது தப்பாக இருந்தால் தவறிய அழைப்பு எப்போது வந்தது என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

கூடுதல் ஹேண்ட்செட் சேர்ப்பது

1. பேஸில் இருக்கும் ஒரே பட்டனை, மாடலைப் பொறுத்து 3 முதல் 5 விநாடி அழுத்திப் பிடியுங்கள். விளக்கு மினுக்கும் அல்லது சத்தம் வரும்.
2. உடனே புது ஹேண்ட்செட்டின் மெனுவில் பதிவு செய்யும் இடத்துக்குப் போய் ஓகே கொடுங்கள். தாமதித்தால் பேஸ் கதவை மூடிக்கொள்ளும். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.
3. ரகசிய எண் கேட்டால் கொடுங்கள். திரையில் ஹேண்ட்செட்டின் வரிசை எண் வந்தால் சேர்ந்துவிட்டது.

அதே பட்டனை லேசாகத் தட்டினால் எல்லா ஹேண்ட்செட்டும் கத்தும். காணாமல் போன ஹேண்ட்செட்டைத் தேட அதுதான் வழி. சார்ஜரில் வைக்காமல் திரிந்து பேட்டரி தீர்ந்துபோன ஹேண்ட்செட் கத்தாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

ஒரு பேஸில் பல மாடல்கள் 4 அல்லது 6 ஹேண்ட்செட் வரை ஏற்கும். வேறு கம்பெனி ஹேண்ட்செட்டையும் சேர்க்கலாம், இரண்டிலும் ‘கேப்’ (ஜி-ஏ-பி) என்ற பொதுத் தரம் இருந்தால். பேசலாம், ஆனால் பொதுவான போன்புக் போன்ற வசதிகள் வராமல் போகலாம்.

அன்றாடப் பயன்பாடு

எண்ணை முழுதாக அடித்துச் சரிபார்த்த பிறகு பச்சைப் பட்டனை அழுத்தும் பழக்கம் நல்லது. 15 ஜனவரி 2021 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலுக்கும் முன்னால் 0 சேர்க்க வேண்டும். இன்டர்காம் பெட்டியில் வெளி லைனுக்கும் 0 என்றால் இரண்டு பூஜ்யம் ஆகிறது: முதல் பூஜ்யம் பெட்டிக்கு, இரண்டாவது மொபைலுக்கு. இதில் குழம்பித்தான் ‘லேண்ட்லைனிலிருந்து செல்லுக்குப் போகவில்லை’ என்பார்கள். போன்புக்கில் சேமிக்கும்போது முதல் பூஜ்யத்துக்குப் பிறகு ஒரு ‘பாஸ்’ (சிறு இடைவெளி) சேருங்கள். வெளி டயல் டோன் வருவதற்குள் மற்ற எண்கள் ஓடிவிட்டால் முதல் ஒன்றிரண்டு எண்கள் தொலைந்து தப்பான இடத்துக்குப் போகும்.

அழைப்பை வேறு அறைக்குக் கொடுக்க: பேசிக்கொண்டிருக்கும்போதே ‘இன்ட்’ அல்லது இன்டர்காம் பட்டன், ஹேண்ட்செட் எண், அவர் எடுத்ததும் ‘சார், இன்னார் லைன்ல இருக்காங்க’ என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பட்டன். அவர் எடுக்காவிட்டால் மறுபடி இன்டர்காம் பட்டன். அழைப்பு உங்களிடமே திரும்பும். மியூட்டும் ஹோல்டும் ஒன்றல்ல. மியூட்டில் அவர் பேசுவது உங்களுக்குக் கேட்கும், உங்கள் குரல் அங்கே போகாது. வாடிக்கையாளரைக் காக்க வைத்துவிட்டு உள்ளே விலை பேச வேண்டியிருந்தால் ஹோல்டு போடுங்கள். கையால் மைக்கை மூடுவதை நம்பாதீர்கள்.

அழைப்பவர் எண் பல லைன்களில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடையே வரும். முதல் ரிங்கிலேயே பாய்ந்து எடுத்தால் திரை வெறுமையாகத்தான் இருக்கும். எண்ணே எப்போதும் வருவதில்லை என்றால் லைனில் அந்தச் சேவை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், போன் மெனுவில் காலர் ஐடி வகையை எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப் என்று மாற்றிப் பாருங்கள்.

கோளாறுகள்

திரையில் முழு பேட்டரி, எடுத்துப் பேசினால் ஐந்து நிமிஷத்தில் ‘பீப் பீப்’. செல்கள் ஆயுள் முடிந்துவிட்டன. தினமும் புழங்கும் ஆபீஸில் இரண்டு, மூன்று வருஷத்தில் இது வரும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

இரவெல்லாம் சார்ஜரில் இருந்தும் காலையில் பேட்டரி காலி என்றால் சார்ஜ் ஏற்றும் உலோகக் கால்களைப் பாருங்கள். தூசி, கைவியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தாலே போதும், கறுத்திருந்தால் பென்சில் ரப்பர். ஆயுத பூஜைக்கு மறுவாரம் இந்தக் கோளாறு வந்தால் சந்தேகமே வேண்டாம், சந்தனமும் குங்குமமும் அந்தக் காலில் பட்டிருக்கும். பொட்டை பேஸின் நெற்றியில் வையுங்கள்.

‘பேஸ் இல்லை’ என்று காட்டினால் முதலில் அடாப்டர். யாராவது செல்போன் சார்ஜ் போட அதைக் கழற்றியிருப்பார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது குரல் திடீரெனத் தாழ்ந்தால் அதே லைனில் இன்னொரு போனை யாரோ எடுத்திருக்கிறார்கள். விடாத உறுமல் சத்தத்துக்கு அடாப்டரை வேறு பிளக்கில் மாற்றிப் பாருங்கள்.

கரண்ட் போனால் பேஸ் செத்தது, கூடவே கார்ட்லெஸ்ஸும். செம்பு லைன் என்றால் எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வருவதால், பக்கத்தில் ஒரு சாதா வயர் போன் மாட்டி வைத்தால் அது பேசும். ஃபைபர் என்றால் மோடம், பேஸ் இரண்டுமே இன்வெர்ட்டரிலோ யுபிஎஸ்ஸிலோ இருக்க வேண்டும். மோடத்துக்கான 12 வோல்ட் சின்ன யுபிஎஸ்ஸின் மிச்ச வயரை, பின் பொருந்துகிறதே என்று பேஸில் சொருகிவிடாதீர்கள். பெரும்பாலான பேஸ்களுக்கு அதில் பாதியளவு வோல்ட்தான் தேவைப்படும். அடாப்டரின் மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

இடி மழைக்கு லைன் வயரையும் அடாப்டரையும் இரண்டையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் மின்னல் மற்றதன் வழியே வரும். ஐப்பசியில் மாலை ஆபீஸ் பூட்டும்போதே கழற்றிவிட்டுப் போனால், காலையில் மறக்காமல் சொருக ஒருவரிடம் பொறுப்புக் கொடுத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் மூடுவதாக இருந்தால் ஹேண்ட்செட்டிலிருந்து செல்களையும் எடுத்து வையுங்கள்.